பெயர் இல்லாத வரி

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் இஞ்சி டீ குடிக்கிற கடைக்கு மாடியில், ஒற்றை அறையில் உட்கார்ந்து அருணாதேவி கெட்டுப்போன ஃபைல்களைச் சரிபண்ணிக் கொடுக்கிறாள். கெட்டுப்போன என்றதும் வைரஸ் பிடித்தது, அழிந்துபோனது என்று நினைத்துவிட வேண்டாம். அவளிடம் வருகிற எக்ஸெல் ஃபைல்கள் பார்க்க ஜம்மென்று இருக்கும். மனுஷன் திறந்தால் திறக்கும், படித்தால் புரியும். தகவலை அலசிச் சொல்கிற சாஃப்ட்வேரில் போட்டால் மட்டும் ‘படிக்க முடியவில்லை’ என்று சிவப்பில் ஒரு வரி வந்து நிற்கும். அந்தச் சிவப்பு வரியைத் தூக்கிக்கொண்டு ஊரே அவள் மாடிப்படி ஏறுகிறது.

ஆராய்ச்சிப் பட்டத்துக்காக மூன்று வருஷம் அலைந்து தகவல் சேர்த்த கல்லூரி ஆசிரியர் வருவார். பத்துக் கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, கல்யாணப் பத்திரிகை மாதிரி நடுவில் தலைப்பு போட்டிருப்பார். பால் சங்கத்துக்காரர் எண் போட வேண்டிய கட்டத்தில் ‘நேத்தவிட கொஞ்சம் கம்மி’ என்று எழுதியிருப்பார். லாட்ஜ்காரர் எந்த அறை காலி என்பதைப் பச்சை, சிவப்பு வண்ணம் அடித்துக் காட்டியிருப்பார். எல்லோருக்கும் ஒரே திட்டுதான்.

“சாஃப்ட்வேருக்குக் கண்ணு கிடையாதுங்க. கலர் தெரியாது, அழகு தெரியாது. கட்டத்துக்குள்ள என்னா இருக்கோ அதான் அதுக்குக் கணக்கு.”

அவர்களும் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்கள். அடுத்த மாதம் அதே தப்போடு சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்கள்.

அவளுக்கும் இந்த மண்தான். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கணிதம் படித்துவிட்டு, சென்னை தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கண்ணாடிக் கட்டடத்துக்குள் சில வருஷம் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். அப்பா கையும் காலும் வராமல் படுத்தபோது வேலையை விட்டுவிட்டு வந்தவள், அவர் போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. நாற்பது நெருங்குகிறது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு திட்டு வைத்திருக்கிறாள். அதை இங்கே எழுத முடியாது.

பௌர்ணமி வந்தால் மட்டும் அவளுக்கு வேறு ஒரு வேலையும் உண்டு. லட்சக்கணக்கான ஜனம் மலையைச் சுற்றி நடக்கும்போது அதில் சிலர் தொலையத்தானே செய்வார்கள்? அப்படித் தொலைந்தவர்களைச் சேர்த்து வைக்க, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அறிவுச்செல்வன் ஒரு தன்னார்வக் குழு நடத்துகிறார். கிரிவலப் பாதை நெடுகப் பந்தல்கள். வழி தெரியாமல் நிற்கிறவர்களைப் பந்தலில் உட்கார வைத்து, விவரத்தைப் போனில் இருக்கிற எக்ஸெலில் ஏற்றுவார்கள். சொந்தக்காரரைக் காணோம் என்று தேடி வருகிறவர்கள் சொல்வதைத் தலைமைப் பந்தலில் ஏற்றுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்கும் சாஃப்ட்வேர், அருணாதேவி சும்மா அமைத்துக் கொடுத்தது. அதற்கு முன்னால் பந்தல் பந்தலாகப் போன் போட்டுத் தொண்டை கட்டிப்போனவர் அறிவுச்செல்வன். சாஃப்ட்வேர் வந்த பிறகு அவர் அவளைத் தெய்வமாக நினைக்காத குறைதான்.

பந்தலில் இருக்கிறவர்கள் எல்லாம் கடைக்காரர்கள், வீட்டுப் பெண்கள், ஆட்டோக்காரர்கள். அவர்களுக்குப் பாடமும் அவள்தான் எடுத்தாள். “பேர் கட்டத்துல பேரு மட்டும்தான் இருக்கணும். கத எழுதக் கூடாது. வேற எதாச்சும் சொல்லணும்னா, அந்தக் கட்டத்தையே அழுத்திப் புடிச்சுக் குறிப்பு போடுங்க. மூலையில சின்னதா ஒரு செவப்பு முக்கோணம் வரும். அது சாஃப்ட்வேருக்குத் தெரியாது, மனுஷங்களுக்குத் தெரியும்.” அப்படியும் நடுநடுவே வெறும் வரி விட்டு அனுப்பினார்கள். வெறும் வரியைக் கண்டால் சாஃப்ட்வேர் திணறிப்போய் நின்றுவிடும். எத்தனை தடவைதான் சொல்வது? ஒருநாள் எரிச்சலில் ஒற்றைக் கட்டளை எழுதிப் போட்டாள். பெயர்க் கட்டம் காலியாக இருக்கிற வரியை எல்லாம் தூக்கி ஓரமாக வேறு ஃபைலில் தள்ளிவிடும். அந்த ஃபைலுக்குக் ‘கழிவு’ என்று பெயர் வைத்தாள். அதற்கப்புறம் சாஃப்ட்வேர் ஒருநாளும் திணறவில்லை. அவளுக்கே தன்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

ஆனி மாதப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. அறிவுச்செல்வன் லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு இளைஞன். தூங்காத கண். கையில் ஒரு சின்ன ஃபிளாஸ்க்கை உடைந்துவிடுமோ என்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அருணா, இவரு வல்லரசு. உங்க ஊர்ப் பக்கம்தான், வேன் ஓட்றாரு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து இவங்க அம்மாவக் காணோம்” என்றார்.

“கரும்பு ஜூஸ் வாங்கத் திரும்பினேங்க்கா. வாங்கிட்டுப் பாக்கறேன், ஆள் இல்ல” என்றான் அவன். “தங்கம்மாள்னு பேரு. அம்மாவுக்குச் சக்கர வியாதி. ராத்திரி போட வேண்டிய ஊசியும் போடல, காலையில ஊசியும் போடல. மருந்து இதோ, ஐஸ் போட்டு எங்கிட்டயே இருக்கு.”

இரண்டு வேளை இன்சுலின் தவறிய சர்க்கரைக்காரர் என்ன ஆவார் என்று, அப்பாவுக்கு ஊசி போட்டுப் பார்த்துக்கொண்ட அருணாதேவிக்குத் தெரியாதா?

போலீசில் சொல்லியாகிவிட்டது. ராத்திரி முழுக்க எல்லாப் பந்தலிலும் மைக்கில் தங்கம்மாள், தங்கம்மாள் என்று கூப்பிட்டாகிவிட்டது. ஒவ்வொரு பந்தலாகப் போன் போட்டு, அந்தப் பெயரில் யாரும் இல்லை என்ற பதிலும் வந்தாகிவிட்டது. போட்டோவும் அனுப்பினார்கள். அம்மாவைத் தனியாக எடுத்த படம் அவன் போனில் இல்லை. அவன் கல்யாணத்தில், பட்டுப்புடவையும் முகத்தில் அப்பிய பவுடருமாக நிற்கிற ஒரு படம்தான் இருந்தது. அதை வைத்து எந்தப் பந்தலிலும் யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. அதைக் காட்டும்போது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“மத்த பந்தல் ஃபைலெல்லாம் படிச்சிடுச்சு. எங்கயும் பொருந்தல. அடி அண்ணாமலை ஃபைல் மட்டும் படிக்க முடியலன்னே சொல்லுது” என்றார் அறிவுச்செல்வன்.

அருணாதேவி ஃபைலைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே ஒரு நிமிஷம் பார்த்தாள்.

முதல் வரியில், எல்லாக் கட்டங்களையும் ஒன்றாகச் சேர்த்து, நட்டநடுவில், மஞ்சள் பூசி, பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி.

அடி அண்ணாமலைப் பந்தலைப் பார்த்துக்கொள்பவள் காசியம்மாள், டீக்கடைக்காரி. அவளுக்குப் போன் போட்டால் ரொம்ப இயல்பாகச் சொன்னாள். “பழைய போன் தண்ணில வுழுந்துட்ச்சிமா. இது புதுபோன், புது ஃபைலு. புதுசா எழுத ஆரம்பிக்கும்போது புள்ளையார் சுழி போடாம எப்டிமா எழுதறது? ஆளுங்க நல்லபடியா வூடு போய்ச் சேர வேணாமா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? சாஃப்ட்வேர் முதல் வரியில் பெயர், வயது, இடம் என்று தலைப்புகளைத் தேடும். பிள்ளையார் சுழியைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்றைக்கு வாயைத் திறக்காமல் அந்த வரியை மட்டும் நீக்கினாள். மனசுக்குள் பிள்ளையாரிடம் ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

சாஃப்ட்வேர் இப்போது சமர்த்தாகப் படித்தது. வல்லரசு அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது. ‘பொருந்தும் பெயர் இல்லை.’

“அங்கயும் இல்லியா?” என்றான். அறிவுச்செல்வன் அவன் தோளில் கை வைத்தார்.

அருணாதேவிக்கு ஏதோ நெருடியது. காசியம்மாள் பேச்சுவாக்கில், பந்தலில் இப்போது பதினொரு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தாள். சாஃப்ட்வேர் பத்துப் பேரைத்தான் படித்திருந்தது. ஒரு ஆள் எங்கே போனார்? மறுபடியும் ஃபைலைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். நடுவில் ஒரு வரி. பெண். வயது என்ற கட்டத்தில் ‘அறுவது இருக்கும்’. பெயர்க் கட்டம் காலி.

காலிக் கட்டம்தான். ஆனால் அதன் மூலையில் சிவப்பாக ஒரு சின்ன முக்கோணம் இருந்தது.

அந்த வரியைத் தூக்கிப் போட்டது சாஃப்ட்வேர் இல்லை. அருணாதேவி எழுதிய கட்டளை. பெயர் இல்லையா, போ கழிவுக்கு. பெயர் சொல்லத் தெரிந்தவரைத் தேட சாஃப்ட்வேர் எதற்கு? மைக்கில் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவாரே. சொல்லத் தெரியாமல் விழிக்கிறவருக்காகத்தானே இத்தனையும் செய்தது? அவர்களைத்தான் அவள் பொறுக்கிப் பொறுக்கி வெளியே தள்ளியிருக்கிறாள்!

முக்கோணத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனாள். காசியம்மாளின் குறிப்பு விரிந்தது. அதைச் சத்தமாகப் படித்தாள்.

“பேரு தெரியல. எத்தன வாட்டி கேட்டாலும் வல்லரசு அம்மா, வல்லரசு அம்மான்னு மட்டும் சொல்றாங்க. ஊரும் தெரியல.”

பின்னால் ஃபிளாஸ்க் கீழே விழுகிற சத்தம் கேட்டது. நல்லவேளை, உடையவில்லை. அறிவுச்செல்வன்தான் குனிந்து எடுத்தார்.

“எங்க அம்மாவுக்குப் பேரு தெரியுமேக்கா” என்றான் வல்லரசு. “ரேஷன் கடையில கையெழுத்தே போடுவாங்க. சாமான் எங்க வெச்சோம்னு மறந்துடுவாங்க, கொழம்புல ரெண்டு வாட்டி உப்பு போட்ருவாங்க. வயசாயிடுச்சுன்னு நெனச்சோம். பேரு எப்டிக்கா மறக்கும்?”

அருணாதேவி மறுபடியும் போனை எடுத்தாள்.

“காசிம்மா, பேரு சொல்லாத அந்த அம்மா அங்க இருக்காங்களா?”

“கீறாங்கமா. தோ, ஹோம் வண்டி வந்து நிக்கிது. யாரும் தேடி வராதவங்கள அநாத ஹோமுக்கு ஏத்தினு போவாங்க இல்ல, அதுல ஏத்தப் போறோம்.”

“ஏத்தாதீங்க! வண்டிய நிறுத்துங்க! அவங்கதான் தங்கம்மாள்.”

“இன்னாமா சொல்ற?” என்றாள் காசியம்மாள். “ராத்திரி பூரா மைக்ல அந்தப் பேரத்தானே கூப்டாங்க. இந்தம்மா எம் பக்கத்துலதான் உக்காந்துனு இருந்தாங்க. ‘பாவம், யாரோ தங்கம்மாளாம், அவங்க வூட்ல எவ்ளோ பதறிப்போயிருப்பாங்க’ன்னு எங்கிட்டயே சொன்னாங்கமா!”

அருணாதேவியும் வல்லரசுவும் அவள் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். கிரிவலப் பாதையில் இன்னும் கூட்டம் கலையவில்லை. பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

பந்தலில், பச்சைப் புடவை கட்டிய அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு காய்ந்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில்கள் காலியாகக் கிடந்தன. பந்தலில் இருந்த முதலுதவி நர்ஸ் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு, ஜாஸ்திதான், ஆனாலும் பயப்பட வேண்டாம் என்றார். இட்லி கொண்டுவரச் சொல்லி, வல்லரசு கொடுத்த ஊசியைப் போட்டார்.

வல்லரசு அம்மாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். “அம்மா, பயந்துட்டியா? வா, வீட்டுக்குப் போலாம்.”

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார். “நான் இங்கயே இருக்கேன் தம்பி. எம் புள்ள ஜூஸ் வாங்கப் போயிருக்கான். வந்து என்னக் காணோம்னா தேடுவான்.”

வல்லரசுவின் முகத்தைப் பார்க்க முடியாமல் காசியம்மாள் டீ பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன், “உங்க புள்ளதான் என்னை அனுப்பிச்சாரு. வேன்ல கூட்டிட்டு வரச் சொன்னாரு” என்றான்.

“அப்டியா? நீ யாரு தம்பி? உம் பேரு என்னா?”

“வல்லரசு.”

“எம் புள்ளைக்கும் அதான் பேரு!” முகமெல்லாம் மலர்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தப் பெயருக்காகவே அவனை நம்பிவிட்டார் போலிருந்தது. கூட்டத்துக்குள் இருவரும் மெல்ல நடந்து போவதை, அவர்கள் தலை மறைகிற வரைக்கும் அருணாதேவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாடிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தக் கட்டளையை அழித்தாள். அப்புறம், அது வரைக்கும் ஒருநாளும் திறந்து பார்க்காத கழிவு ஃபைலைத் திறந்தாள்.

வெறும் வரிகள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பெரும்பாலும் வெறும் வரிகள்தான். நடுநடுவே ஆட்கள் இருந்தார்கள். ஆண், எழுபது இருக்கும். பெண், நடுத்தர வயசு, வாய் பேச வராது. பெண், நல்லா வயசானவங்க. மாதத்துக்கு ஒருவர் இருவராக, அவள் சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறது என்று பூரித்துக்கொண்டிருந்த எல்லா மாதங்களிலும் இருந்தார்கள். அருணாதேவிக்கு அழுகை வரவில்லை. தலையில் அடி விழுந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கழிவு ஃபைலில் குறிப்பு சேராது. முதல் ஆளுக்காக, தை மாதத்தில் அடி அண்ணாமலையிலிருந்து வந்த பந்தல் ஃபைலைத் தேடித் திறந்தாள். காலிக் கட்டத்தின் மூலையில் அதே சிவப்பு முக்கோணம்.

‘பேரு சொல்லல. எழில் வருவான், எழில் வருவான்னு ரோட்டையே பாக்கறாரு.’

மனசு கேட்காமல், அதே பௌர்ணமியில் தேடி வந்தவர்களின் ஃபைலையும் திறந்தாள். ஒரு வரியில் கண் நின்றது. காணாமல் போனவர், ராமகிருஷ்ணன். தேடி வந்தவர், மகன் எழில். போன் நம்பர். கடைசிக் கட்டத்தில் அவள் சாஃப்ட்வேர் எழுதிய முடிவு, ‘பொருந்தும் பெயர் இல்லை.’

அறிவுச்செல்வனைக் கூப்பிட்டாள். “சார், தை மாசம் அடி அண்ணாமலையில பேரு சொல்லாத ஒரு பெரியவர் இருந்தாரே, அவரு எங்க?”

“ஹோம்லதான் இருக்காரு. போன வாரம்கூடப் பாத்தேனே. எப்பவும் வாசல் கேட் பக்கத்துலதான் உக்காந்திருப்பாரு. பாவம், யாரும் தேடி வரல.”

“வந்தாங்க சார்” என்றாள். “நம்மகிட்டதான் வந்தாங்க. இல்லன்னு சொல்லி அனுப்பிட்டோம்.”

அவர் என்ன சொன்னார் என்று கேட்காமலே போனை வைத்தாள். திரையைப் பார்த்து அந்த நம்பரை அழுத்தினாள். ரெண்டு தடவை தப்பாகப் போட்டு மறுபடியும் போட்டாள். மணி அடித்தது. ஒரு ஆண் குரல், பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம்.

“ஹலோ, யாருங்க?”

“நான் திருவண்ணாமலையிலேர்ந்து பேசறேங்க” என்றாள்.

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

“அப்பா கெடச்சிட்டாருங்களா?”